நூறு வரை எண்ணுவது

ஜூலை. ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர்.
பரேலிலிருந்து சயானுக்கு ஒரு டியூப் ரத்தம் வந்துசேர
இரண்டரை மணி நேரம்.
சாவந்த் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தே
நடந்து வந்தானாம்.

மஞ்சிரி தாண்டேல், 23, பெண். நான்கு வருடமாக லூபஸ்.
காய்ச்சல் நூற்று மூன்று.
கருவி எண்ணி முடித்து, தன் எண்ணிக்கையையே நம்பாமல்
நட்சத்திரக் குறி போட்டிருக்கிறது:
வெள்ளணு 2,400. கண்ணால் பார்க்கவும்.

கண்ணால் பார்ப்பது என் வேலை.
லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம்,
தண்ணீர் கலந்து பத்து நிமிடம், அதற்குள் ஒரு டீ.
ஒரு சொட்டு எண்ணெய். இடது கை எண்ணும் பொத்தான்மேல்.

ஏழாம் வகுப்புப் புத்தகத்தில்
இவர்களைப் போர்வீரர்கள் என்று போட்டிருந்தது.
கேடயம்கூட வரைந்திருந்தார்கள்.
பத்தொன்பது வருடம் பார்த்தாயிற்று, நான் பார்ப்பது
லோக்கல் ரயில் ஜனம்.
தாதரில் இறங்குகிறவன் மாட்டுங்காவிலேயே
கதவோரம் நகர்கிறான் அல்லவா,
அப்படித்தான் நியூட்ரோஃபில்.
எங்கோ திசு வீங்கிக் கூப்பிட்டால்
குழாய்ச் சுவரை உரசி உருளும், வேகம் குறையும், ஒட்டும்,
இடுக்கில் உடம்பைச் சப்பையாக்கி
வெளியே நழுவும்.
திரும்பும் டிக்கெட் கிடையாது.
சீழ் என்று முகம் சுளிக்கிறோமே,
வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்கள் அவர்கள்.

போன மாதம் இவளுக்கு ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.
எண்ணிக்கை பதினோராயிரம். வார்டில் சந்தோஷம்.
சுவரோரம் தொற்றி நின்றதெல்லாம் பிடி விட்டு
நடுவில் மிதந்தது, அவ்வளவுதான்.
வண்டி நிறையக் கூட்டம்; இறங்க ஆளில்லை.

போனில் டாக்டர் பெரேரா. "கிருமியா, லூபஸா?"
கிருமி என்றால் மருந்தைக் குறைக்க வேண்டும்,
லூபஸ் என்றால் கூட்ட வேண்டும்.
ரெண்டுக்கும் ஒரே காய்ச்சல்.
"நாற்பத்தொன்றில் இருக்கிறேன்" என்றேன்.

கிளிக். கிளிக்.

விழுங்கி மாளாத அளவு கிருமி வந்தால்
இந்த அணு தன் உட்கருவைப் பிரித்து
பிறப்பிலேயே வந்த நூலை வலையாக வீசிவிட்டுச் சாகும்.
மற்ற உடம்புகளில் யாரோ அதைக் கூட்டிப் பெருக்கிவிடுகிறார்கள்.
இவள் உடம்பில் கிடக்கிறது.
கிடக்கக் கிடக்க, உடம்பு கேட்கிறது: யாருடைய நூல்?
மாஹிம் கரையில் மஞ்சிரியின் அப்பாவுக்குப் படகு உண்டு.
அவரிடம் சொன்னால் ஒரே தடவையில் புரியும்.

என் அப்பாவையும் இந்த ஊர் ஒருமுறை கேட்டது, நீ யாருடையவன் என்று.
ஆண்டாப் ஹில்லில் மூன்று நாள் கதவு திறக்கவில்லையாம்.
தட்டியவர்களில் ஒருவர்
தினமும் அவரிடம் பேப்பர் இரவல் வாங்குகிறவர்.

இல்லை, இதை அதோடு சேர்க்கக் கூடாது.
செல்லுக்கு வெறுக்கத் தெரியாது.
ரெண்டுக்கும் ஒரே சாயம் போட முடியாது.

அறுபத்தெட்டாவது, கண்டம் பிரியாத உட்கரு, குதிரைலாடம் போல.
மீசை முளைக்காததையும் அனுப்பத் தொடங்கிவிட்டது மஜ்ஜை.
அடுத்ததில் கருநீலத் துகள்கள்.
கிருமித் தட்டில் ஒரு கல்.

தொண்ணூற்றேழாவதில் கை நின்றது.
அதன் உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கியிருக்க
வயிறு முழுக்க ஒரு ஊதா உருண்டை, வழவழப்பாக.
இன்னொரு வெள்ளணுவின் உட்கரு.
பழைய பாடநூலின் மங்கிய படத்தில் மட்டும் பார்த்தது.
ரத்தம் நின்று கிடந்தால்தான் தோன்றும் என்பார்கள்.
ஹிந்த்மாதாவில் நின்றது.

நஃபீசாவும் வந்து பார்த்தாள்.
கண்ணை எடுக்காமலே, "தெரிந்தா தின்றது?" என்றாள்.

மூன்று கிளிக். நூறு. மணி அடித்தது.
இந்தப் பெட்டிக்கு அது ஒன்றுதான் தெரியும்.

டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன்.
"ரெண்டுமா?"
"ரெண்டும்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"புது ரத்தம் அனுப்புகிறேன்."
"தண்ணீர் எவ்வளவு?"
"இப்போது முழங்கால்."

கையுறையைக் கழற்றினேன்.
நேற்று காகித விளிம்பு அறுத்த ஆள்காட்டி விரல்
சிவந்து, சூடாக, விண்விண் என்று தெறிக்கிறது.
யாரோ இறங்குகிறார்கள்.